சுவருக்குள் தண்ணீர்: கோலாலம்பூர், பினாங்கு வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டடப் பராமரிப்பு என் தொழில். செந்தூலில் அடுக்குமாடி வீடானாலும் ஆயர் ஈத்தாமில் தரைவீடானாலும், சுவர் ஈரத்தைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

"சுவத்தைத் தொட்டா காய்ஞ்சுதான் இருக்கு. உள்ளே தண்ணி இருக்குன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

மேலே காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் நிறையத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வெளியே காட்டாமல் இருக்கும். ஆனால் சுவரைச் சுற்றியுள்ள பொருள்கள் காட்டிக்கொடுத்துவிடும். கதவு நிலையின் அடிப்பகுதி உப்பிக் கறுக்கும். சுவரோரத்து மரச்சட்டம் வளையும். லாமினேட் தரைப்பலகை ஓரத்தில் தூக்கும். அலமாரியின் திருகாணி துருப்பிடிக்கும். சாமி படம் மாட்டிய ஆணியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். பூட்டி வைத்த அறையைத் திறந்ததும் வரும் பழைய துணி வாடையும் ஓர் அடையாளம். அந்த வாடைக்கு நம் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், அதனால் வெளியூரிலிருந்து வரும் உறவினர் சொன்னால் நம்புங்கள்.

இரண்டு சோதனைகளுக்குச் செலவே இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத உப்பல்கள் நிழலோடு எழுந்து நிற்கும். அடுத்து, 50 சென் காசால் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்த இடத்தில் ஓசை பொள்ளலாக மாறும். பூச்சு பிரிவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பொள்ளல் ஓசை, உப்பல், வாடை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

"வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு. இது பூஞ்சையா?"

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு தங்கிவிடுகிறது. அதாவது சுவருக்குள் தண்ணீர் நடமாடியிருக்கிறது. துடைத்துவிட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். மறுபடி பூத்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கரையாமல் இழை இழையாகவோ கறுப்பு, பச்சைப் புள்ளிகளாகவோ இருந்தால் பூஞ்சை. அது சுவருக்கு உள்ளிருந்து வரும் ஈரத்திலும் வளரும், அறைக்காற்றின் ஈரத்திலும் வளரும். இரண்டையும் பிரித்தறியும் வழி அலமாரிக் கேள்வியில் வருகிறது.

"கறை இருக்குற இடத்துக்கு நேர் மேலதானே ஒழுகும்? அங்கேயே உடைச்சுப் பார்த்துடலாமா?"

வேண்டாம். கறை இருப்பது தண்ணீர் வெளியே வந்த இடம். அது உள்ளே நுழைந்த இடம் பல அடி தள்ளி இருக்கலாம். தண்ணீர் குழாயின் மேலாகவும், வயர் போகும் பைப்புக்கு உள்ளேயும், கான்கிரீட் தளத்தின் சரிவிலும் ஓடி, வழி கிடைத்த இடத்தில் இறங்கும். கறையைப் பார்த்து உடைத்தவர்கள் பலர் நல்ல சுவரைத்தான் உடைத்திருக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது "எங்கே" அல்ல, "எப்போது". நான் இதை எல்லாரிடமும் வற்புறுத்துவேன். நாள்காட்டித் தாளில் 2 வாரத்துக்குக் குறித்து வாருங்கள்: இன்று மழை பெய்ததா, யார் எப்போது குளித்தார்கள், ஏர்கான் எத்தனை மணி நேரம் ஓடியது, கறை பெரிதானதா சிறிதானதா. கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி போடுங்கள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் ஈரம் இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். குளித்த பிறகு மட்டும் கூடினால் குளியலறைத் தரையோ கழிவுநீர்க் குழாயோ காரணம். மழைக்குப் பின் கூடினால் கூரை, வெளிச்சுவர், ஜன்னல் ஓரம். விடியற்காலையில் மட்டும் ஈரமாக இருந்தால் ஏர்கான். இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பிளம்பருக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

"தண்ணி பில் ஏறிக்கிட்டே போகுது. மீட்டரை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். எல்லாக் குழாய்களையும் அடைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமோ பல்சக்கரமோ இருக்கும். அது மெதுவாகச் சுற்றினாலும் தண்ணீர் எங்கோ போகிறது. சந்தேகமாக இருந்தால் படுக்கப் போகும்போது மீட்டரைப் படம் பிடித்து, காலையில் யாரும் கழிவறைக்குப் போவதற்கு முன் ஒப்பிடுங்கள்.

தரைவீட்டில் ஒரு சிக்கல் உண்டு. கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தால் கசிவே இல்லாமலும் மீட்டர் சுற்றும். தொட்டி நிரம்பும் வரை காத்திருங்கள். பிறகு தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை அடையுங்கள். அப்போதும் மீட்டர் சுற்றினால் கசிவு மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையில், அல்லது தொட்டிக்குப் போகாமல் மீட்டரிலிருந்து நேர்க்குழாயில் ஓடும் சமையலறைப் பக்கம். மிதவை வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் வழிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வால்வை அடைத்ததும் சுற்றுவது நின்றுவிட்டால் கசிவு தொட்டிக்குக் கீழே, அதாவது குளியலறைக் குழாய்களிலோ கழிவறைத் தொட்டியிலோ.

கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் பிபிஏபிபி என்று நிறுவனம் எதுவானாலும், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய் வீட்டுக்காரரின் பொறுப்புதான்.

"மீட்டர் அசையவே இல்ல. ஆனா குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் எப்பவும் ஈரமா இருக்கு."

அப்படியானால் அழுத்தத்தில் உள்ள குழாய் நன்றாக இருக்கிறது. பயன்படுத்திய தண்ணீர்தான் இறங்குகிறது. மாபிளுக்கு (டைல்ஸுக்கு) இடையில் பூசிய சாந்து தேய்ந்திருக்கலாம், தரைக் கழிவுத் துளையைச் சுற்றி விரிசல் இருக்கலாம், அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்திருக்கலாம். அந்தப் பூச்சு சுவரோடு மடங்கும் மூலையில்தான் அதிகம் கிழியும். பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது பழைய மாபிளின் மேலேயே புது மாபிள் ஒட்டிவிட்டால், அடியில் கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும்.

தேக்கிப் பார்க்கும் சோதனை செய்யுங்கள். தரைத் துளையை நன்றாக அடைத்து, ஓர் அங்குல உயரம் தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். சுவரையும் கீழ்வீட்டுக் கூரையையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். மட்டம் இறங்கி அங்கே ஈரம் கூடினால் தரைதான் காரணம். ஈரம் கூடவில்லை என்றால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அப்போது ஈரம் கூடினால் கழிவுக் குழாய். தண்ணீரில் சமையல் நிறப்பொடி கலந்தால், கீழே வரும் நீர் உங்களுடையதுதானா என்ற சண்டையும் தீரும்.

"ஏர்கான் சொட்டவே இல்லையே, அதுவா சுவரை ஈரமாக்கும்?"

ஆக்கும். கோண்டோக்களில் ஏர்கான் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் சுவருக்குள் பதிந்திருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஓர் இரவில் வாளிக்கணக்கில் தண்ணீர் அந்த வழியாகப் போகும். உள்ளே பாசிக்கூழ் அடைத்து இணைப்பு விலகினால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும், அறைக்குள் சொட்டாது. செம்புக் குழாயைச் சுற்றிய நுரையுறை நைந்துபோனாலும் குழாயின் மேல் நீர் கோத்து அதே வேலையைச் செய்யும்.

ஏர்கான்காரரைக் கூப்பிட்டு, உள்பெட்டியின் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். மறுமுனையில் ஏறக்குறைய அவ்வளவும் வர வேண்டும். குறைந்தால் மீதி சுவருக்குள் இருக்கிறது.

"அலமாரிக்குப் பின்னால கறுப்பாப் பூஞ்சை. குழாய் எதுவும் அந்தப் பக்கம் இல்லை."

சுவர் குளிர்ந்திருந்து, காற்று ஈரமாக இருந்து, காற்றோட்டமும் இல்லாமல் போனால் குழாய் இல்லாத இடத்திலும் நீர் கோக்கும். பக்கத்து அறையில் இரவெல்லாம் ஏர்கான் ஓடினால், இந்தப் பக்கச் சுவர் குளிர்ந்துவிடும். அதோடு ஒட்டி அலமாரியை வைத்தால் போதும்.

பிரித்தறிய அலுமினியத் தாள் சோதனை இருக்கிறது. சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சாண் அளவு சமையல் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காற்றிலிருந்து என்றால் அலமாரியை ஒரு கையளவு தள்ளிவைத்து, ஏர்கான் வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

பூஞ்சையைச் சும்மா விட வேண்டாம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி பேசுகிறது. குழந்தை படுக்கும் அறை என்றால் அதை முதலில் கவனியுங்கள்.

"மழை பெய்ஞ்சா மட்டும்தான் வருது. ஆனா எல்லா மழைக்கும் வர்றதில்லை. ஏன்?"

காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைப் பாருங்கள். நேராகக் கொட்டும் மழைக்கு அசையாத சுவர், பக்கவாட்டில் அடிக்கும் மழைக்கு நனையும். வெளிச்சுவரில் மயிரிழை விரிசல், ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் காய்ந்து பிளந்த சிலிக்கான் இரண்டும் அப்படித்தான் தண்ணீரை விடும். காற்றில்லாத கனமழைக்கு மட்டும் வந்தால், இலை அடைத்த கூரைவாய்க்காலையும் இரண்டு கூரை சேரும் பள்ளத்தையும் பாருங்கள்.

காய்ந்த நாளில் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துச் சோதிக்கலாம். கீழிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 நிமிடம் அடித்து, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லி, பிறகு மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும்.

"தீபாவளிக்கு மூணு வாரம்தான் இருக்கு. வாட்டர்புரூஃப் சாயம் அடிச்சு மூடிடலாமா?"

உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் இது சரியாக வராது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாலை இடிமழைக் காலம். பினாங்கிலும் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். சுவர் மிக ஈரமாக இருக்கும் நேரத்தில் அதன் மேல் கெட்டியான சாயத்தை அடித்தால், வெளியேற வழியில்லாத தண்ணீர் சாயத்தையே தள்ளும். பொங்கலுக்குள் அது மறுபடி உப்பிவிடும். இல்லாவிட்டால் ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து, நன்றாக இருந்த சுவரில் தெரியும்.

கசிவை நிறுத்தி, பொரிந்த சாயத்தையும் பிரிந்த பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரைத் திறந்தபடி காயவிட வேண்டும். செங்கல் சுவருக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. மின்விசிறியும் ஈரமுறிஞ்சி இயந்திரமும் வைத்தால் கொஞ்சம் குறையும். காய்ந்துவிட்டதா என்பதை மேலே சொன்ன அலுமினியத் தாளால் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தீபாவளிக்கு மற்றச் சுவர்களுக்குச் சாயம் அடியுங்கள், அந்த ஒன்றை விட்டுவிடுங்கள்.

"மழை வந்தா மெயின் ஸ்விட்ச் தட்டிக்கிட்டே இருக்கு. இதுக்கும் சுவர் ஈரத்துக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, இதை ஒத்திப்போடாதீர்கள். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி தட்டுகிறது என்றால் மின்சாரம் போகக்கூடாத வழியில் கசிகிறது. சுவருக்குள் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியிலோ வயர்க் குழாயிலோ தண்ணீர் சேர்ந்திருக்கலாம். ஈரமான சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தொடாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். வீட்டின் மெயின் ஸ்விட்சுகள் இருக்கும் டிபி பெட்டிக்கு எட்டும் வழி காய்ந்திருந்தால் அந்தச் சுற்றை அங்கே அணைத்துவிட்டு, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். அடிக்கடி தட்டுகிறதே என்று இஎல்சிபியையே தாண்டி வயர் போட்டுத் தரும் ஆட்களை வீட்டுக்குள் விடாதீர்கள். உயிரைக் காப்பாற்ற இருப்பது அது ஒன்றுதான்.

"ஜார்ஜ்டவுன்ல தாத்தா காலத்துக் கடைவீடு. கீழ்ச்சுவர் எப்பவும் பொரியுது, எத்தனை தடவை சிமெண்ட் பூசியும் நிக்கல."

சிமெண்ட் பூசியதுதான் நோயைக் கூட்டியது. போருக்கு முந்திய அந்த வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. அவற்றின் அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்டும் அக்ரிலிக் சாயமும் அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேல் எல்லையில் புதிதாகப் பொரியும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்தில் அலைபோன்ற கோடாக நின்றுவிடும். தலைக்கு மேல் ஈரம் இருந்தால் கூரையையும் பக்கத்து வீட்டோடு சேரும் பொதுச்சுவரின் உச்சியையும் பாருங்கள்.

சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அடிப்பதே அந்தச் சுவருக்கு ஏற்றது. உப்பு முழுதும் வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூச வேண்டிவரலாம். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வீடு அந்த எல்லைக்குள் இருந்தால், வேலை தொடங்குமுன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

"ஷாப்பில ஈரம் பார்க்கிற மீட்டர் விக்குதே, வாங்கலாமா?"

வாங்கலாம், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். விலை குறைந்த முள் மீட்டர்கள் மரத்துக்கு அளவிடப்பட்டவை. உப்புப் பூத்த சுவரில் அது காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும். முள் இல்லாத வகை, சுவருக்குள் இரும்புக்கம்பி இருந்தால் ஏமாறும். ஒரே சுவரில் நல்ல இடத்தையும் சந்தேக இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இவை உதவும். வெப்பக் கேமராவும் தண்ணீரைக் காட்டுவதில்லை, மேற்பரப்பின் சூட்டு வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. அதைக் காட்டி உடனே உடைக்கச் சொன்னால், ஈர மீட்டரால் அதே இடத்தை நல்ல இடத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

"ஈரச் சுவத்துல கறையான் மண்கோடு ஏறுது."

இரண்டும் சேர்ந்தே வரும். நிலத்துக் கறையானுக்கு ஈரம் வேண்டும். மருந்து மட்டும் அடித்துவிட்டுக் கசிவை விட்டால் மறுபடி வரும். கோட்டைக் கலைக்காமல் கறையான் ஆட்களிடம் காட்டுங்கள், அதே வாரத்தில் கசிவையும் பாருங்கள்.

"வீடு வாங்கப் போறோம். ஒரே ஒருமுறை பார்க்க விடுறாங்க. எதைப் பார்க்கணும்?"

பெருமழை பெய்த மறுநாள் போங்கள். ஒரு சுவரில் மட்டும் சாயம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். சமையலறைத் தொட்டிக்கடி அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரையும் கதவு நிலைகளின் அடியையும் விடாதீர்கள். கடந்த சில மாதத் தண்ணீர் பில்லைக் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது எல்லாவற்றையும்விட மேல்.

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கிய புது வீட்டுக்கு, சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. எழுத்தில் அறிவித்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டும். கைமாறி வாங்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாக இல்லை, இருக்கிற நிலையிலேயே ஏற்பதாகத்தான் ஒப்பந்தம் இருக்கும்.

"மேல்வீட்டுத் தண்ணி எங்க கூரையில இறங்குது. அவங்க கதவையே திறக்க மாட்டேங்குறாங்க."

நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் 2015-இன் விதிமுறைகளும் இதற்கு வழி வகுத்திருக்கின்றன. நிர்வாகத்திடம், அதாவது ஜேஎம்பி அல்லது எம்சியிடம், எழுத்தில் புகார் கொடுங்கள். 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்து 5 நாளுக்குள் காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்று சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, குறை மேலே இருக்கும் வீட்டில் அல்லது மேலே இருக்கும் பொதுப் பகுதியில் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பொறுப்பானவர் 7 நாளுக்குள் சரிசெய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். சோதனைக்கு வழிவிட மறுப்பது குற்றம்.

பல வீடுகளுக்குப் போகும் குழாய் பொதுச் சொத்து, அதை நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். நிர்வாகம் அசையவில்லை என்றால் உள்ளூராட்சியில் உள்ள கட்டட ஆணையரிடம் போங்கள். அப்படியும் தீராவிட்டால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது, 2,50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். முன்பு சொன்ன நாள்காட்டிக் குறிப்பும் தேதியிட்ட படங்களும் அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

"மாபிளை உடைக்காம ஊசி போட்டே நிறுத்திடலாம்னு சொல்றாங்க. நம்பலாமா?"

பியூ இஞ்செக்‌ஷன் என்பது கான்கிரீட் விரிசலுக்குள் பாலியூரிதேன் செலுத்தித் தண்ணீர் போகும் பாதையை அடைப்பது. விரிசல் ஒன்று தெளிவாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். கிழிந்த நீர்த்தடுப்புப் பூச்சை அது தைக்காது. தண்ணீர் தளத்தின் மேலேயே தேங்கி, வேறு இடம் தேடி இறங்கலாம். மேல்வீட்டைத் தொடாமல் கீழ்வீட்டில் மட்டும் ஊசி போடுவதைத் தற்காலிக வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கிப் பார்க்கும் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்து காட்டுபவருக்கே வேலையைக் கொடுங்கள்.

"இன்சூரன்ஸ் கொடுக்குமா?"

வீட்டுக் கட்டடக் காப்புறுதியில் குழாய் வெடிப்பதும் தொட்டி வழிவதும் வழக்கமாக அடங்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததற்குப் பெரும்பாலும் கிடைக்காது. தீக்காப்புறுதி மட்டும் இருந்தால் இது அதில் சேராது. கண்டவுடன் அறிவிப்பதும், சரிசெய்வதற்கு முன் படம் எடுப்பதும் முக்கியம்.

"எங்களது தரைவீடு. பக்கத்து வீட்டுக் குளியலறைதான் நம்ம சுவத்தை நனைக்குது. அந்த அடுக்குமாடிச் சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?"

தனித்தனி நிலப்பட்டா உள்ள வரிசை வீடுகளுக்கு அது பொருந்தாது. நிர்வாகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆகவே முதலில் உங்கள் பக்கக் குழாயையும் கூரையையும் சோதித்துச் சுத்தமாக்கிவிட்டு, அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். "உங்களால்தான்" என்று தொடங்காமல், "இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்ப்போம், செலவு என்னுடையது" என்று கேட்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். சோதனையின்போது இரு வீட்டாரும் உடனிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கட்டடப் பரிசோதகர் ஒருவரின் எழுத்து அறிக்கையோடு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். சேதம் 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். அதற்கு மேல் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை அந்தச் சுவரில் உங்கள் பக்கம் எதையும் பூசி மறைக்காதீர்கள், ஈரம் எந்த உயரத்தில் எந்த நாளில் இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தச் சுவர்தான்.